போத்தலுக்குள் ஒரு கிணறு

"உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும்?" என்று ஆசிரியை கேட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பேசாதிருந்தனர். பின்வாங்கில் இருந்த ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "எங்கட கிணற்றை நான் ஒரு நாளும் காணேல்லை ரீச்சர். தேத்தண்ணிக்கு நல்ல தண்ணியாம் எண்டு அம்மம்மா சொல்லுறவ" என்றாள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறிய பாடசாலையில் நாம் கண்ட காட்சி இது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு மக்கள் வெளியேறியபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டனர். காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும், தம் குடும்பத்தின் தோட்டத்தில் ஒரு நாளும் கால் வைக்காத பிள்ளைகள் பலர் வளர்ந்துள்ளனர். விவசாயியின் அறிவு, தகப்பனுக்குப் பின்னால் வரம்பில் நடந்து பெறுவது. வரம்பே இல்லாதபோது அந்த அறிவு எங்கிருந்து வரும்? வகுப்பறை அதில் ஒரு பங்கையேனும் ஈடுசெய்யலாம் என்பதை அன்று கண்டோம்.

கிணறு உவராவது ஏன்?

ஆசிரியை வாயகன்ற கண்ணாடிப் போத்தலொன்றை எடுத்தார். அதில் அரைவாசிக்கு உப்புக் கரைத்த நீரை விட்டு, பீற்றூட் சாற்றினால் நிறமூட்டினார். அதன்மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் பின்புறத்தில் வழியவிட்டு மெதுவாக ஊற்றினார். கீழே சிவப்பு, மேலே தெளிவு. இரண்டும் கலக்கவில்லை.

பின்னர் ஒரு மாணவன், குளிர்பானம் குடிக்கும் ஸ்ரோவின் முனையை மேல்நீரில் வைத்து மெல்ல உறிஞ்சினான். தெளிந்த நீர் வந்தது. "இப்ப பலமாக உறிஞ்சு" என்றார் ஆசிரியை. சிவப்பு நீர் கிளம்பிக் குழாயில் ஏறியது. பையன் முகத்தைச் சுளித்துத் துப்ப, வகுப்பே சிரித்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது. உவர்நீரிலும் பாரம் குறைந்ததால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 அடி எழும்பக்கூடும். துலா மிதித்து இறைத்த நாட்களில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. நாம்தான் அதை நிறுத்த வேண்டும்.

மூன்று போத்தல் மண்

அடுத்த நாள் மூன்று பிளாஸ்டிக் போத்தல்களை நீளவாக்கில் வெட்டி மண் நிரப்பினார்கள். ஒன்றில் வெறும் மண். ஒன்றில் மண்மேல் காய்ந்த சருகு. மற்றதில் வேரோடு புல். மூன்றையும் சற்றுச் சரித்து வைத்து, ஒரே அளவு நீரை ஊற்றினார்கள். வெறும் மண்ணிலிருந்து கலங்கல் வழிந்தது. சருகு மூடிய மண்ணிலிருந்து வந்த நீரில் கலங்கல் குறைவு. புல் நின்ற மண்ணிலிருந்து வந்தது ஏறக்குறையத் தெளிவாகவே இருந்தது. "கழுவுண்டு போறது எங்கட மேல்மண்" என்று ஒரு பையன் தானாகவே சொன்னான்.

இன்னொரு நாள் ஒரு சாடி மண்ணில் பூவரசங்குழையையும், மற்றொன்றில் சொப்பிங் பைத் துண்டையும் புதைத்து ஈரம் காயாமல் வைத்தனர். சில வாரங்களின் பின் கிளறியபோது குழை உக்கிக் கறுத்திருந்தது. பை போட்டபடியே கிடந்தது. தோட்டத்தில் குழை தாழ்த்திய பாட்டன்மார் செய்த வேலையின் பயனை அவர்கள் அன்றுதான் கண்ணால் கண்டனர்.

நூலால் ஒரு வயல்

பிள்ளைகள் வட்டமாக நின்றனர். ஒருவர் நெல், ஒருவர் எலி, ஒருவர் வெட்டுக்கிளி, ஒருவர் தவளை, ஒருவர் சாரைப்பாம்பு, ஒருவர் ஆந்தை. எதை எது உண்கிறதோ அவற்றுக்கிடையே நூல் இழுக்கப்பட்டது. பின்னர், "சாரையை அடிச்சுப்போட்டம்" என்றார் ஆசிரியை. சாரையாக நின்றவன் நூலை விட்டான். தவளையின் நூலும் எலியின் நூலும் தொய்ந்தன. "எலிக்குக் கொண்டாட்டம்! நெல்லுக்குத்தான் கஷ்டம்!" என்று நெல்லாக நின்ற சிறுமி கத்தினாள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

1990களின் இறுதியில் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின்படி, 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்பது ஒரு பாடம். நாம் மேலே சொன்னவற்றுக்கு வேண்டியவை வெற்றுப் போத்தல், உப்பு, நூல், மண் மட்டுமே. கொட்டிலிலும் செய்யலாம், வீட்டு முற்றத்திலும் செய்யலாம்.

ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணிக்குள் மண்ணோ குழையோ எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அறியாத பொருளைக் கண்டால் தொடாமல் வந்து பெரியவர்களிடம் சொல்லப் பழக்குங்கள்.

பாடம் முடிந்து மணி அடித்தது. முதலில் பேசிய சிறுமி போத்தலருகே நின்றுகொண்டிருந்தாள். "நாங்கள் ஊருக்குப் போனா, கிணத்தை மெல்லமா இறைக்க வேணும், என்ன ரீச்சர்?" என்றாள்.

அன்பான பெற்றோரே, காணி கைக்கு வரும் நாளில் அதைப் பேணத் தெரிந்த பிள்ளையும் நம்மிடம் இருக்கவேண்டும். இன்று மாலையே ஊரிலிருந்த உங்கள் கிணற்றைப் பற்றி, அதன் ஆழத்தையும் தண்ணீரின் சுவையையும் பற்றி, பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்குங்கள்.