ஒரே வெய்யில், வேறு வேறு பூட்டு

மதியம் பன்னிரண்டு மணிக்கு மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடக்கும் பெண்களைப் பாருங்கள். பாதிப் பேர் கையில் குடை, மீதிப் பேருக்கு முழுக்கைச் சட்டை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்குள் இருக்கிறோம். வாவி நீர் கண்ணைக் கூச வைக்கிறது. இங்கேயும் விற்றமின் டி குறையுமா? குறையும். தோலில் டியை உண்டாக்கும் புறஊதாக் கதிரைக் கறுத்த தோலின் மெலனின் மறிக்கிறது. மிச்சத்தைக் குடை மறிக்கிறது. (குடையைக் குறை சொல்லவில்லை, அந்த வெய்யில் அப்படி!)

தோலில் உண்டாகும் டி, ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாறி ஒரு திறப்பாகிறது. அதற்குரிய பூட்டு, கலத்துக்குள் இருக்கும் விடிஆர் என்ற புரதம். மார்பகக் கலங்களிலும் அது உண்டு. பூட்டுத் திறந்தால், கலம் கண்டபடி பெருகுவதை அடக்கும் மரபணுக்கள் வேலை செய்கின்றன. ஆய்வுகூடத்தில் இது தெளிவாகவே தெரிகிறது.

பூட்டு எல்லோருக்கும் ஒன்றல்ல. விடிஆர் மரபணு 12ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதில் ‘ஃபொக்-1’ என்ற இடத்தில் ஒரேயொரு எழுத்து மாறினால், 424 அமினோ அமிலங்களுக்குப் பதில் 427 கொண்ட புரதம் உருவாகும். நீண்டது கொஞ்சம் சோம்பேறி.

அப்படியானால் நீண்ட புரதம் உள்ளவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருமா? சில ஆய்வுகள் சிறு ஆபத்தைக் காட்டின, சில ஒன்றுமே காட்டவில்லை. மார்பகப் புற்றுநோய் ஆபத்தைப் பெரிதும் கூட்டும் பிஆர்சிஏ-1 மரபணு மாற்றத்தின் பலம் இதற்குக் கிடையாது. சரி, திறப்பைக் கூட்டிக் கொடுத்தால்? அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த ‘வைட்டல்’ சோதனையில், தினமும் 2000 அலகு விற்றமின் டி கொடுத்தும் புற்றுநோய் வருவது குறையவில்லை என 2018இல் அறிவித்தார்கள்.

ஆகவே மாத்திரையை நம்பி இருக்காதீர்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் அரசின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். மார்பகப் பரிசோதனைக்கு அங்கே காசு இல்லை.