8 ஜிபி ரேம் போட்டும் பழைய கணினி 3 ஜிபி சொச்சமே காட்டுவது ஏன்?

வில்லியனூரிலோ பாகூரிலோ வீட்டு மூலையில் கிடந்த பழைய கணினிக்குப் புது ரேம் வாங்கிச் செருகிவிட்டீர்கள். மொத்தம் 8 ஜிபி. திரையோ, பயன்படுவது 3 ஜிபி சொச்சம் என்கிறது. மீதி எங்கே?

ரேமை ஒரு நீளமான தெருவாக நினையுங்கள். ஒவ்வொரு பைட்டும் ஒரு வீடு. கதவிலக்கப் பலகையில் இரண்டே இலக்கம்தான் இருக்கலாம் என்று கொம்யூன் பஞ்சாயத்து விதித்துவிட்டால்? 00 முதல் 99 வரை நூறு வீடுகள். அதற்கு மேலும் வீடு கட்டலாம், குடியும் வரலாம். தபால்காரர் மட்டும் வரமாட்டார்.

உங்கள் விண்டோஸ் 32 பிட் என்றால் பலகையில் 32 இடங்கள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. ஓர் இடம் கூடினால் வீடுகள் இரட்டிப்பாகும். 32 இடங்களுக்கு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது 4 ஜிபி. அதிலும் சில இலக்கங்களைக் கிராஃபிக்ஸ் கார்டு போன்றவை பிடித்துக்கொள்கின்றன.

வழி உண்டா? கோர் 2 டுவோ போன்ற 64 பிட் பிராசசர் என்றால், 64 பிட் விண்டோஸோ லினக்ஸோ நிறுவினால் போதும். காசு கேட்காத லினக்ஸ்தான் என் தேர்வு.

ஆனால் மதர்போர்டையும் பாருங்கள். ஒரு காலத்தில் எங்கும் விற்ற இன்டெல் ஜி31 வகை 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. டிடிஆர்2 இடத்தில் டிடிஆர்3 நுழையவே நுழையாது; வெட்டுக்குழி வேறிடத்தில். அப்படிப்பட்ட கணினிக்கு ரேம் காசை எஸ்எஸ்டியில் போடுங்கள்.