மைலேஜுக்கு எந்த கியர்பாக்ஸ்?

1992-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக் பல ரகங்களில் கிடைத்தது. அவற்றில் டிஎக்ஸ், விஎக்ஸ் என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். கூடு ஒன்றே. இரண்டிலும் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர். ஆனால் அமெரிக்க அரசின் அப்போதைய சோதனை முறைப்படி, நெடுஞ்சாலை ஓட்டத்தில் டிஎக்ஸ் லிட்டருக்குச் சுமார் 17 கிலோமீட்டர் கொடுத்தது. விஎக்ஸ் 23 கிலோமீட்டரைத் தாண்டியது. விஎக்ஸின் எஞ்சின் வேறு, எடை குறைவு, டயர் ஒல்லி. இவற்றோடு சேர்ந்த இன்னொரு பெரிய காரணம் கியர்பாக்ஸுக்குள் இருந்தது. பழைய சிவிக் ஒன்றை வாங்கி, பிரித்து, மைலேஜுக்காகவே மறுபடி கட்டுகிறவர்கள் இன்றும் உடைபட்ட கார்களின் கிடங்குகளில் அந்த விஎக்ஸ் கியர்பாக்ஸைத்தான் தேடுகிறார்கள்.

எஞ்சினின் சுற்று சக்கரத்துக்குப் போகும் வழியில் இரண்டு இடங்களில் மாற்றப்படுகிறது. முதலில் நாம் கையால் மாற்றும் கியர். அடுத்து, டிஃபரன்ஷியலோடு சேர்ந்த ஃபைனல் டிரைவ். இரண்டின் விகிதத்தையும் பெருக்கினால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது கிடைத்துவிடும். டிஎக்ஸ், விஎக்ஸ் இரண்டிலும் ஐந்தாவது கியர் 0.702 என்ற ஒரே விகிதம்தான். ஆனால் ஃபைனல் டிரைவ் டிஎக்ஸில் 4.058, விஎக்ஸில் 3.25. பெருக்கிப் பார்த்தால் டிஎக்ஸுக்கு 2.85, விஎக்ஸுக்கு 2.28. விஎக்ஸின் 165/70 ஆர்13 டயரையே இரண்டுக்கும் மாட்டி, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். டிஎக்ஸ் கியர்பாக்ஸில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,690 சுற்று சுற்றும்; விஎக்ஸில் 2,160. ஒரு மணி நேரப் பயணத்தில் 32,000 சுற்றுகள் மிச்சம்.

சுற்று குறைந்தால் பெட்ரோல் ஏன் குறைய வேண்டும்? செய்யவேண்டிய வேலை மாறவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த அளவுள்ள கார் சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் போக, காற்றையும் டயர் உருளும் தடையையும் வெல்ல, என் கணக்கில் சுமார் 15 குதிரைத்திறன் போதும். விஎக்ஸ் எஞ்சினின் முழுத்திறன் 92. அதாவது எஞ்சின் தன் வலுவில் ஆறில் ஒரு பங்கை மட்டும் கொடுத்தால் போதும். அப்படிக் குறைவாகக் கொடுக்க வைப்பதற்காகத்தான் ஆக்சிலேட்டரோடு இணைந்த த்ராட்டில் தகடு காற்றுப்பாதையைப் பெரும்பகுதி அடைத்து நிற்கிறது. மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சை இழுப்பது போல, பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அந்த அடைப்பை எதிர்த்துக் காற்றை இழுக்கிறது. அந்த இழுப்புக்கும் பெட்ரோல் செலவாகிறது. கூடவே பிஸ்டன் வளையம், பேரிங், வால்வு ஆகியவற்றின் உராய்வு ஒவ்வொரு சுற்றுக்கும் தன் பங்கை வாங்கிக்கொள்கிறது.

அதே 15 குதிரைத்திறனைக் குறைந்த சுற்றில் எடுக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு சுற்றும் கூடுதலாக உழைக்க வேண்டும். த்ராட்டில் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். திறந்தால் இழுப்புச் செலவு குறைகிறது, சுற்று குறைந்ததால் உராய்வுச் செலவும் குறைகிறது. லாபம் வருவது இந்த இரண்டிலிருந்துதான். சுற்று 20 சதவீதம் குறைந்தால் பெட்ரோலும் 20 சதவீதம் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றைக் கிழிக்கும் வேலை அப்படியே இருக்கிறது. எஞ்சினின் உள்செலவு மட்டுமே குறைகிறது.

விஎக்ஸில் நான் மிகவும் ரசிக்கும் விஷயம், அந்த கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒன்றுக்காக ஒன்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை என்பதுதான். விடெக்-இ என்ற அந்த எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு உள்வாங்கும் வால்வுகள் உண்டு. குறைந்த சுற்றில் அவற்றில் ஒன்று திறந்தும் திறக்காமலும் பெயருக்கு அசையும். காற்று மற்றொன்றின் வழியாக மட்டும் பாய்வதால் சிலிண்டருக்குள் சுழன்றுகொண்டே நுழையும். அந்தச் சுழலால் மிக நீர்த்த கலவையும் பற்றிக்கொள்ளும். வழக்கமான பெட்ரோல் எஞ்சினில் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. இதிலோ லேசான ஓட்டத்தில் 20 கிலோவுக்கு மேல். சுமார் 2,500 சுற்றைத் தாண்டினால், பளுவையும் பொறுத்து, இரண்டாவது வால்வும் முழுதாக வேலைக்கு வந்துவிடும். சிக்கன நிலை முடிந்தது.

இப்போது கியர்பாக்ஸைப் பொருத்திப் பாருங்கள். அந்த 2,500 சுற்றை டிஎக்ஸ் கியர்பாக்ஸ் 93 கி.மீ. வேகத்திலேயே எட்டிவிடும். விஎக்ஸ் கியர்பாக்ஸோ 116 கி.மீ. வரை எட்டாது. அன்றைய அமெரிக்காவில் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளின் வேக வரம்பு மணிக்கு 65 மைல், அதாவது 105 கி.மீ. வரம்பை மதித்து ஓட்டுகிறவர் சிக்கன எல்லைக்குள்ளேயே இருக்கிறார். விஎக்ஸ் எஞ்சினை மட்டும் வாங்கி டிஎக்ஸ் கியர்பாக்ஸில் மாட்டுகிறவர், காசு கொடுத்து வாங்கிய நுட்பத்தின் பாதியை நெடுஞ்சாலையில் தொலைத்துவிடுகிறார்.

நீர்த்த கலவையின் பங்கைத் தனியே கணிக்கவும் ஒரு வழி இருக்கிறது. கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடு கடுமையானது என்பதால், அங்கே விற்ற விஎக்ஸில் நீர்த்த கலவை முறை இல்லை. அந்தக் கார் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 21.7 கி.மீ. கொடுத்தது, மற்ற மாநிலங்களின் விஎக்ஸ் 23.4. ஆக, நீர்த்த கலவையால் வந்த லாபம் 2 கிலோமீட்டருக்கும் குறைவு. டிஎக்ஸின் 17-க்கும் இந்த 21.7-க்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளியை கியர், எடை, டயர், எஞ்சினின் மற்ற நுணுக்கங்கள் ஆகியவை சேர்ந்து நிரப்பின.

அப்படியானால் விகிதத்தை இன்னும் இறக்கலாமே? ஹோண்டா ஏற்கெனவே அதைச் செய்து பார்த்தது. 1988-இல் வந்த சிஆர்எக்ஸ் எச்எஃப் காரில் ஃபைனல் டிரைவ் 2.954, ஐந்தாவது கியர் 0.694. அதே டயரில் 100 கி.மீ. வேகத்துக்கு 1,940 சுற்றுதான். ஆனால் அந்தக் காரின் எஞ்சின் 62 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. எட்டே வால்வுகளோடு, உச்சத் திறனை விட்டுக்கொடுத்து, குறைந்த சுற்றில் நல்ல இழுவை தரும்படி செய்யப்பட்டது. அந்தக் கியர்பாக்ஸை எடுத்து, 7,000 சுற்றுக்கு மேல் பாய்வதற்காகச் செய்த எஞ்சினோடு இணைத்தால், 1,900 சுற்றில் அதற்கு இழுக்க வலு இருக்காது. வண்டி குலுங்கும், மேட்டில் திணறும், எஞ்சின் தட்டும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிப்பார். முழு மிதியில் எஞ்சினின் கணினி கலவையைச் செறிவாக்கிவிடும். மைலேஜுக்காகச் செய்த மாற்றமே பெட்ரோலைக் குடிக்கத் தொடங்கும்.

வண்டியை நகர்த்தும் முதல் கியரையும் பார்க்க வேண்டும். ஃபைனல் டிரைவை மாற்றினால் ஐந்து கியரும் ஒன்றாக மாறிவிடும். டிஎக்ஸில் முதல் கியரின் மொத்த விகிதம் 13.2, விஎக்ஸில் 10.6. கிளம்பும்போது சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நாலு பேர் ஏறி, மேட்டில் நின்று கிளம்பினால் ஹாஃப் கிளட்சில் அதிக நேரம் தவிக்க வேண்டும். கிளட்ச் தட்டு தேயும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போதும் வித்தியாசம் தெரியும். 3,000 சுற்றில் மாற்றினால் டிஎக்ஸில் ஊசி 2,000-க்கு இறங்கும், விஎக்ஸில் 1,800-க்கு. சந்துபொந்துகளில் ஓட்டுகிறவருக்கு இந்தப் பள்ளம் ஒவ்வொரு நாளும் உறுத்தும்.

இதற்கு ஒரு நல்ல ஈடும் உண்டு. விஎக்ஸின் நாலாவது கியரின் மொத்த விகிதம் 2.77. டிஎக்ஸின் ஐந்தாவது கியர் 2.85. ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, விஎக்ஸில் மேடு வந்தால் நாலுக்கு இறங்கினாலே போதும், டிஎக்ஸின் டாப் கியர் கைக்கு வந்துவிடும். ஐந்தாவது என்பது சமதளத்தில் சீராக ஓட மட்டுமே என்று ஓட்டுநர் மனத்தளவில் ஏற்றுக்கொள்ள வேண்டும். விஎக்ஸில் அடுத்த கியருக்கு மாறச் சொல்லி ஒரு விளக்கு எரியும். அதற்குக் கீழ்ப்படியப் பழகியவருக்குத்தான் அந்தக் காரின் முழு மைலேஜ் கிடைக்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டிய பொருத்தங்கள் சில. சிவிக்கின் டி வரிசை எஞ்சின்களுக்குள் கியர்பாக்ஸ் மாறி மாறிப் பொருந்தும். பி வரிசை எஞ்சினோடு பொருந்தாது. 1988 முதல் 1991 வரையிலான சிவிக்கில் கிளட்ச் கேபிளால் இயங்குகிறது, 1992 முதல் ஹைட்ராலிக். எனவே விஎக்ஸ் கியர்பாக்ஸைப் பழைய தலைமுறைக் காரில் ஏற்ற, கிளட்ச் இயக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். வெளியில் பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒன்று போலவே இருக்கும். அதனால் ஒரு கியரில் போட்டு, உள்வரும் தண்டைக் கையால் சுற்றி, வெளிப்பக்கம் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பெரிய டயர் மாட்டினால் இதே பலன் கிடைக்காதா என்று பலர் கேட்பார்கள். 165/70-க்குப் பதில் 175/70 மாட்டினால் சுற்றளவு இரண்டரை சதவீதம் கூடும், அவ்வளவுதான். கூடவே எடையும் காற்றுத் தடையும் ஏறும். இந்தக் கார்களில் ஸ்பீடோமீட்டர் டிஃபரன்ஷியலிலிருந்து ஓடுவதால், ஃபைனல் டிரைவை மாற்றினாலும் வேகம் சரியாகவே காட்டும். டயரை மாற்றினால்தான் தவறும். பெரிய டயரோடு ஓடோமீட்டரை நம்பி மைலேஜ் கணக்கிட்டால் உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

என் தீர்ப்பு இது. நெடுஞ்சாலையில் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் டிஎக்ஸ் போன்ற சாதாரண எஞ்சினுக்கு விஎக்ஸ் கியர்பாக்ஸே சரியான தேர்வு. எச்எஃப் கியர்பாக்ஸ், லேசான காருக்கும் சமவெளிக்கும் அதற்கேற்ற எஞ்சினுக்கும் மட்டும். ஊருக்குள் மட்டுமே ஓடும் காருக்கு எந்த கியர்பாக்ஸும் வேண்டாம். அங்கே பெட்ரோல் போவது பிரேக்கிலும் சிக்னலிலும்.

உங்கள் கார் எதுவானாலும், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் டாப் கியரில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது டாக்கோமீட்டர் என்ன காட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 2,000-க்குப் பக்கத்தில் இருந்தால் கியரைத் தொடாமல், டயர் காற்றையும் உங்கள் வலது காலையும் கவனியுங்கள். 3,000-ஐ நெருங்கினால் அடுத்த ஃபைனல் டிரைவ் என்ன கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கலாம்.