தாயின் தட்டும் சேயின் நலமும்

சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பெண்கள் பலர் விடியற்காலையிலேயே தூக்குச்சட்டியுடன் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். சட்டி நிறையச் சோறு. காயும் பருப்பும் பெயரளவுக்கே. இடையிடையே சர்க்கரை கலந்த தேநீர். “நாள் முழுதும் உழைக்கிற எனக்குச் சர்க்கரை நோய் எப்படி வரும்?” என்று அவர்கள் கேட்பது இயல்பே. ஆயினும் உழைப்பெல்லாம் உடலசைவு அன்று. காகிதக் குழல் சுருட்டும் கைகள் ஓயாமல் இயங்க, உடலோ ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரையை மிகுதியாக ஈர்ப்பவை கால், தொடை முதலிய பெருந்தசைகளே. அவை அசைந்தால்தான் பயன் முழுமையாகும்.

கருவுற்ற காலத்திலோ கவனம் இன்னும் வேண்டும். நஞ்சுக்கொடியில் தோன்றும் சுரப்புகள் தாயின் இன்சுலினுடைய ஆற்றலைக் குறைக்கின்றன. ஆறாம் மாதம் முதல் இது மிகுகிறது. தாயின் மிகுதியான சர்க்கரை சேயைச் சென்றடைகிறது; தாயின் இன்சுலின் சென்றடைவதில்லை. சேய் தானே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிரசவம் கடினமாகலாம், பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை திடீரெனத் தாழலாம்.

டாக்டர் வி. சேஷய்யா குழுவினர் தமிழகத்தில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகால நீரிழிவு நகரங்களில் 17.8 விழுக்காடும், சிறுநகரங்களில் 13.8 விழுக்காடும், கிராமங்களில் 9.9 விழுக்காடும் காணப்பட்டது. கிராமமும் தப்பவில்லை! கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இச்சோதனை வேண்டுமெனத் தமிழக அரசு 2007-லேயே பணித்தது. முறை எளிது: 75 கிராம் குளுக்கோசை நீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரங் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் உண்டென்று கொள்வர். வெறும் வயிற்றோடு செல்லத் தேவையில்லை.

இனி உணவைப் பார்ப்போம். மாச்சத்துள்ள உணவுகளெல்லாம் சர்க்கரையை ஒரே விரைவில் ஏற்றுவதில்லை என்பதை 1981-இல் கனடா நாட்டு டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் அளந்து காட்டினர். தீட்டிய அரிசியும் மைதாப் பரோட்டாவும் விரைந்து ஏற்றுகின்றன. பயறும் பருப்பும் சுண்டலும் மெல்ல ஏற்றுகின்றன. நம் கரிசல் மண்ணின் கம்பும் குதிரைவாலியும் நல்லவையே. எனினும் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் குழைத்தால் அவையும் விரைந்து செரித்துவிடும். கருப்பட்டி தீங்கற்றது என்பாரும் உளர், அதுவும் சர்க்கரையே.

ஆதலின் தட்டில் பாதி காய்கறியும், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, எஞ்சிய கால் பங்கு சோறும் இருக்கட்டும். தேநீருக்குச் சர்க்கரையைக் குறைத்து, உடன் ஒரு கைப்பிடிச் சுண்டல் கொள்ளலாம். உண்டபின் பத்து நிமிடம் நடப்பது மிக நன்று. பட்டினி கிடப்பது தீர்வன்று. கருவுற்றோருக்குத் தவக்கால நோன்பிலிருந்தும் விலக்கு உண்டு. சோதனையில் சர்க்கரை மிகுந்திருப்பின் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும். பேறு முடிந்த ஆறு வாரங்களுக்குப் பின் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

கணவன்மாரே, மாமியார்மாரே! நம் இல்லங்கள் பலவற்றில் மருமகள் கடைசியாக உண்கிறாள். அப்போது சட்டியில் எஞ்சியிருப்பது வெறுஞ்சோறே. பருப்பு விற்கும் சந்தையென ஊர்ப்பேர் பெற்ற விருதுநகர்ச் சீமையில், கருவுற்ற தாய்க்குப் பருப்பு எட்டாமற் போகலாமா? முதற் கரண்டி அவள் தட்டில் விழட்டும்.