கொய்யாக் கட்டி: ஜெலட்டின் சேராத வீட்டு இனிப்பு

கடையில் உங்கள் பிள்ளை கைநீட்டிக் கேட்கும் அந்த நிறநிறமான ஜெலி இனிப்பின் பொதியை ஒரு தடவையாவது திருப்பி வாசித்திருக்கிறீர்களா? பொடி எழுத்தில் ‘ஜெலட்டின்’ என்று இருந்தால் சற்று நிதானியுங்கள். ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. பன்றித் தோல் அதன் முக்கிய மூலப்பொருள்களில் ஒன்று. மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் செய்வதுண்டு. எது என்று பொதியில் தெளிவாக இல்லாவிட்டால், ஹலால் சான்றும் இல்லாவிட்டால், அந்தச் சந்தேகத்தைப் பிள்ளையின் வாயில் வைக்க எந்தத் தாய் விரும்புவாள்?

பிள்ளைக்கு “வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது. பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். அந்த ஒன்று உங்கள் வீட்டுக் கொய்யா மரத்தடியிலேயே விழுந்து கிடக்கிறது.

மெக்ஸிக்கோ நாட்டில் பழத்தையும் சீனியையும் காய்ச்சி இறுக்கி, கட்டியாக வெட்டி உண்பார்கள். அதற்கு ‘ஆத்தே’ என்று பெயர். மொரேலியா என்ற நகரம் இந்த இனிப்புக்குப் பேர்போனது. அங்கே கொய்யாவிலும் மாம்பழத்திலும் செய்கிறார்கள். ஆனால் இதன் மூலம் ஸபர்ஜல் என்று அரபியில் அழைக்கப்படும் சீமைமாதுளம்பழம். ஸ்பெயினை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தைச் சேர்ந்த, 13ஆம் நூற்றாண்டின் அரபுச் சமையல் நூல் ஒன்றில், ஸபர்ஜலை இடித்துத் தேனில் காய்ச்சிக் களியாக்கும் முறை இருக்கிறது. அதில் அளவு ‘ரத்ல்’ கணக்கில். நமது மூத்தம்மாமார் சொன்ன ‘இறாத்தல்’ அந்தச் சொல்லின் வழி வந்ததுதான்! ஸ்பானியர்கள் இந்தக் கைப்பக்குவத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொய்யா காத்திருந்தது. கொய்யாவை ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியரும் போர்த்துக்கேயரும். கோவாவில் இதே இனிப்பு ‘பெராட்’ எனப்படுகிறது. நம் சிங்கள அயலவர்கள் கொய்யாவைப் ‘பேர’ என்பதும் போர்த்துக்கேயச் சொல்லே.

இதை இறுக வைப்பது எது? பழத்திலேயே உள்ள பெக்டின் என்ற பொருள். போதிய சீனியும் சிறிது புளிப்பும் சேர்ந்து கொதித்தால் அது தானாகவே உறைந்துவிடும். ஜெலட்டினும் வேண்டாம், சாயமும் வேண்டாம்.

தேவையானவை

கொய்யாப்பழம் 1 கிலோ (முக்கால் பங்கு பழுத்தது, கால் பங்கு செங்காய், செங்காயில்தான் பெக்டின் அதிகம்)
சீனி: அரித்தெடுத்த பழக்களியின் எடைக்குச் சமமாக
தேசிக்காய்ச் சாறு 2 மேசைக்கரண்டி
கறுவா ஒரு துண்டு (விரும்பினால்)
தட்டில் பூச நெய் சிறிது

செய்முறை

பழங்களைக் கழுவி, அழுகிய பகுதியை நீக்கி, தோலோடு நறுக்குங்கள். ஒன்றரைக் கோப்பை தண்ணீர் விட்டு, மூடி, நன்றாகக் குழையும்வரை அவியுங்கள். ஆறியபின் அரிதட்டில் தேய்த்து விதைகளை நீக்குங்கள். இந்த வேலையில் அவசரப்படாதீர்கள். விதை தங்கினால் பல்லில் கடிபடும்.

களியை நிறுத்து, சம எடை சீனி சேர்த்து, அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஏற்றுங்கள். அலுமினியத் தாச்சி வேண்டாம், பழத்தின் புளிப்பு அதில் பிடிக்கும். சீனி கரைந்ததும் தேசிக்காய்ச் சாற்றையும் கறுவாவையும் போட்டு, நீண்ட மர அகப்பையால் விடாமல் கிண்டுங்கள். தொதல் கிண்டிய கைகளுக்கு இது புதிதல்ல. ஒன்று மட்டும் கவனம்: களி தடித்து வரும்போது சூடாகத் தெறிக்கும். சின்னப் பிள்ளைகளை அடுப்படியில் நிற்க விடாதீர்கள்.

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நிறம் சிவந்து, களி திரண்டு, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு வரும். அகப்பையை நடுவே இழுத்தால் அடி தெரிய வேண்டும். அந்தக் கோடு உடனே மூடக்கூடாது. இதுதான் பதம். கறுவாவை எடுத்துவிட்டு, நெய் பூசிய தட்டில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றிச் சமப்படுத்துங்கள். ஒரு நாள் ஆறவிட்டு, கட்டிகளாக வெட்டுங்கள்.

கலவான போன்ற மழையூரில் அடுத்த வேலை காயவைப்பது. வெயிலை நம்பி முற்றத்தில் வைத்தால், சிங்கராஜப் பக்கமிருந்து வரும் மழை சொல்லிக்கொண்டா வரும்? சமையலறையில் சூடு படும் உலர்ந்த இடத்தில், வலைத்துணியால் மூடி, இரண்டு நாள் வையுங்கள். ஒரு நாள் கழித்துக் கட்டிகளைப் புரட்டிவிடுங்கள். பிறகு எண்ணெய்த் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டின்னில் அடையுங்கள். ஈரம் கசியக் கண்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் சுரண்டிவிட்டு உண்ண வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

சில மாற்றங்கள்

விளாம்பழத்தில் பெக்டின் மிகுதி. இதே முறையில் நன்றாக இறுகும். பப்பாசியும் அன்னாசியும் தனியே இறுகுவது கடினம், பாதிக்குப் பாதி கொய்யாக் களி கலந்துகொள்ளுங்கள். சீனியில் கால் பங்கைக் குறைத்துக் கித்துள் கருப்பட்டி சேர்த்தால் நிறம் கறுக்கும், கட்டி சற்று மிருதுவாகும். ஆனால் அந்த வாசனைக்கு ஈடில்லை.

பழத்தில் செய்தது என்பதற்காக இதை மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். பாதிக்கு மேல் சீனிதான். நீண்ட நேரம் கொதிப்பதால் கொய்யாவின் விற்றமின் சியிலும் ஒரு பகுதி போய்விடும். பிள்ளைக்கு ஒரு சிறு கட்டி போதும், பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பச்சைக் கொய்யாவே நல்லது.

விற்க எண்ணும் சகோதரிகள் முதலில் சீனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மரத்துப் பழம் சும்மா கிடைக்கலாம். சீனி, எரிபொருள், சுற்றும் தாள், உங்கள் இரண்டு மூன்று மணி நேர உழைப்பு எல்லாம் செலவே. முதல் ஈட்டைப் பெருநாள் தட்டில் வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில் வைத்து அயல் வீடுகளுக்கு அனுப்புங்கள். யார் திரும்பக் கேட்கிறார்கள் என்று பார்த்தபின் வியாபாரத்தை யோசிக்கலாம்.

பிள்ளை “இதில் என்ன இருக்கிறது, உம்மா?” என்று கேட்டால், நீங்கள் எந்தப் பொதியையும் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. பழம், சீனி, தேசிக்காய் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம்.