உடைந்து கிடக்கும் கப்பலே முதலில்

ஸ்கூபா பயிற்சி முடித்து, ஓப்பன் வாட்டர் சான்றைக் கையில் வாங்கியவர்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் மூழ்கிய கப்பல்தான். கடலடியில் ஒரு கப்பலைச் சுற்றி நீந்திவிட்டு வந்தேன் என்று சொல்வதில் இருக்கும் பெருமையே வேறு. ஆனால் அந்தச் சான்று அனுமதிப்பது 18 மீட்டர் ஆழம் வரைதான். அதுவும் தலைக்கு மேலே தடையில்லாத திறந்த நீரில். அதை வாங்குவதற்கு முன் அவர் கடலில் இறங்கியது நான்கே முறையாகக்கூட இருக்கலாம். எந்தக் கப்பலுக்குப் போகலாம் என்று அவர் கேட்டால், வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. சுற்றுலாவுக்கென்றே திட்டமிட்டு மூழ்கடித்த கப்பலாகப் பார்த்துப் போங்கள்; எண்ணெயை வடித்து, கம்பி வடங்களை அகற்றி, கதவுகளைக் கழற்றி, சுவர்களில் வழி வெட்டித்தான் அதை இறக்கியிருப்பார்கள்; போரிலும் புயலிலும் உடைந்தவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பல் எப்படி மூழ்கியது என்பது பழைய கதை. புதியவருக்குத் தேவை, அது இன்று எப்படிக் கிடக்கிறது என்ற தகவல். பார்க்கத்தக்க பகுதி எந்த ஆழத்தில் இருக்கிறது? அங்கிருந்து நேராக மேலே வர வழி திறந்திருக்கிறதா? இப்படிப் பார்த்தால், முழுசாக நிற்கும் கப்பலைவிட நன்றாக உடைந்து விரிந்த கப்பலே பல நேரங்களில் முதல் அனுபவத்துக்கு ஏற்றதாக இருக்கிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கீ லார்கோ கரைக்கு அப்பால் கிடக்கும் ஸ்பீகல் குரோவை எடுத்துக்கொள்வோம். 155 மீட்டர் நீளமுள்ள பழைய கடற்படைக் கப்பல். மீன்களுக்கு உறைவிடமாகவும் டைவர்களுக்கு ஈர்ப்பாகவும் இருக்கட்டும் என்று சுத்தம் செய்து, 2002ல் மூழ்கடித்தார்கள். அது குறித்த நேரத்துக்கு முன்பே தாறுமாறாகக் கவிழ்ந்தது தனிக்கதை. 2007 மார்ச்சில் அதற்குள் நுழைந்த மூவர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். அவர்கள் புதியவர்கள் அல்லர், அனுபவம் உள்ளவர்கள். வெட்டிய வழிகள் வெளிச்சுவரை ஒட்டிய பகுதிகளுக்குத்தான் உதவும். உள்ளே ஆழத்தில் இருக்கும் அறைகளும் நடைவழிகளும் அப்படியேதான் இருக்கின்றன. அங்கே தரையில் மாவு போல வண்டல் படிந்திருக்கும். காலில் மாட்டிய துடுப்பால் ஒரு முறை தவறாக உதைத்தால் போதும், வந்த வழி கண்ணுக்கு மறைந்துவிடும். கையில் வழிகாட்டிக் கயிறு இல்லையென்றால் சுவரைத் தடவித்தான் வாசலைத் தேட வேண்டும், அதுவும் சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வரும்போது.

புதியவர் உள்ளே போகப் போவதில்லையே, பிறகென்ன என்று கேட்கலாம். போகக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் எல்லோரும் இறங்குகிறார்கள். முழுக் கப்பல் ஒவ்வொரு அடியிலும் திறந்த வாசலை நீட்டும். முன்னால் போகிறவர் நுழைந்தால், பின்னால் வருகிறவருக்கு வெளியே தனியாக நிற்பதே அச்சமாகிவிடும். உடைந்து விரிந்த கப்பலில் இந்தச் சோதனை மிகக் குறைவு; அங்கே உள்ளே என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. உள்ளே போகாமல் கப்பல் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் யோங்காலா பதில் சொல்லும். 1911ல் புயலில் 122 பேரோடு மூழ்கிய அந்தக் கப்பலுக்குள் நுழைவதற்கே தடை இருக்கிறது. வெளியிலிருந்து மட்டுமே பார்க்க முடிகிற அது, உலகின் தலைசிறந்த கப்பல் டைவ்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

அடுத்தது ஆழம். இதைக் காற்றுக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். சுற்றுலா இடங்களில் பரவலாகப் புழங்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் அதில் 2,200 லிட்டர் காற்று இருக்கும். 50 பாரை அவசரத்துக்கென்று ஒதுக்கினால், மூச்சுக்கு 1,650 லிட்டர் மிஞ்சும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், பத்து மீட்டருக்கு ஒரு மடங்கு வீதம் கூடும் அழுத்தத்தால், 18 மீட்டரில் 56 லிட்டரும் 30 மீட்டரில் 80 லிட்டரும் இழுப்பார். அதாவது முன்னதில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. பின்னதில் இருபது நிமிடம்தான். இறங்கவும் ஏறவும் ஆகும் நேரமும் இதற்குள் அடக்கம். பதற்றத்தில் மூச்சு வேகமாகிற புதியவருக்கு இன்னும் குறையும். செங்கடலின் புகழ்பெற்ற திசில்கார்ம், 1941ல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல், சுமார் 30 மீட்டர் அடித்தளத்தில் நிற்கிறது. மேல்தளமே 16 மீட்டருக்குக் கீழேதான். லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் சரக்கறைகளுக்குள்ளே இருக்கின்றன. நீரோட்டமும் பலமாக அடிக்கும். அங்கே முதல் கப்பலாகப் போகிறவருக்குக் கப்பலை ரசிக்க எங்கே நேரம்? காற்றுமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டியதுதான்.

இதற்கு நேர் எதிர் பாலித் தீவின் துலாம்பென் கிராமத்துக் கடலில் இருக்கிறது. அமெரிக்கச் சரக்குக் கப்பலான லிபர்ட்டியை 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. இழுத்துவந்து கரையேற்றிவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கரையிலேயே கிடந்த அதை, 1963ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வு கடலுக்குள் புரட்டிவிட்டது. புரண்டதில் உடல் பிளந்தது. இன்று கரைக்கு இணையாக, கறுப்பு எரிமலை மணற்சரிவில் சாய்ந்து கிடக்கிறது. மேல்பகுதி சுமார் 5 மீட்டரில் இருக்கிறது. அடிப்பகுதி 30 மீட்டரை நெருங்குகிறது. படகே வேண்டாம். கிராமத்துப் பெண்கள் சிலிண்டர்களைத் தலையில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுவருவார்கள். கூழாங்கற்களில் தடுமாறி அலையைத் தாண்டிவிட்டால் சில நிமிடங்களில் கப்பல். விலா எலும்பாக நிற்கும் இரும்புச் சட்டங்களுக்கு இடையே மேலிருந்து வெயில் இறங்குகிறது. பெரும்பாலான இடங்களில் அண்ணாந்து பார்த்தால் நீர்மட்டம் தெரியும். 10, 12 மீட்டரில் நீந்தியே கப்பலின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: சரிவு என்பதால் வேடிக்கை பார்த்தபடியே அறியாமல் ஆழத்துக்கு நழுவிவிடலாம். ஆழமானியை அடிக்கடி பார்க்கும் பழக்கம் இல்லாதவர் லிபர்ட்டியிலும் 18 மீட்டரைத் தாண்டிவிடுவார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது ஒன்று உண்டு. உடைந்த இரும்பு கூர்மையானது, துருப்பிடித்தது, எப்போது சரியும் என்று தெரியாது என்கிறார்கள். உண்மைதான். மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் அங்கே கையையும் முழங்காலையும் கிழித்துக்கொள்வார். ஆனால் மிதப்பு கைவராதவர் எந்தக் கப்பலுக்கும் தயாராகவில்லை. இரண்டு மூன்று டைவ்களைப் பவளத்திட்டிலோ மணல்வெளியிலோ செலவிட்டால் சரியாகிற குறை அது. வண்டல் கலங்கிய அறையில் வழி தவறினால் ஏறிவரத் திறந்த நீர் இல்லை. இரண்டு ஆபத்துகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சான்று வாங்கிய கையோடு அட்வான்ஸ்டு பயிற்சியும் முடித்துவிட்டால் 30 மீட்டர் போகலாமே என்ற வாதம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஐந்து டைவ்களில் முடிகிற பயிற்சி அது. அனுமதியின் எல்லை மாறுகிறது. மூச்சின் வேகம் ஐந்து டைவ்களில் மாறுவதில்லை. வழிகாட்டி கூடவே வருவார் என்பதும் பாதிச் சமாதானம்தான். நான்கு பேரை அழைத்துப் போகிறவர் நான்கு பேரின் மானியையும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

திட்டமிட்டு மூழ்கடித்த கப்பல்களை அடியோடு ஒதுக்குவதும் சரியல்ல. கிராண்ட் கேமன் தீவில் 2011ல் இறக்கிய கிட்டிவேக் சுமார் 20 மீட்டர் மணல் தளத்தில் கிடக்கிறது. அதன் பெரும்பகுதி புதியவரின் எல்லைக்குள்ளேயே அடங்கும். 2017ல் புயல் அதைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டது. ஐந்து ஆண்டுக்கு முந்தைய வர்ணனையை நம்பிக் கிளம்பக் கூடாது என்பதற்கும் அதுவே சான்று.

நமக்குப் பக்கத்தில், இலங்கையின் கிழக்குக் கரையில், இந்தத் தேர்வு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மிஸ், விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்டவற்றில் முதலாவது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. பெயரைக் கேட்டாலே ஆசை வரும். கிடப்பதோ 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவிங்கின் 40 மீட்டர் எல்லையையே தாண்டிய ஆழம். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 25 மீட்டரில் இருக்கிறது. அதுவும் ஓப்பன் வாட்டர் சான்றோடு நிற்பவருக்கு உரியதல்ல. திருகோணமலையில், நிலாவெளிக்கு வடக்கே இறக்கக்கண்டியில் சுமார் 9 மீட்டரில் ஒரு கப்பலின் மிச்சங்கள் இருக்கின்றன. போர் வரலாற்றில் அதற்கு இடம் கிடையாது, படம் போட்டால் யாரும் வியக்கவும் மாட்டார்கள். மேலே போட்ட கணக்கின்படி ஒரு சிலிண்டர் அங்கே நாற்பது நிமிடத்துக்கு மேல் வரும்.