கழிமுகப் புல்வெளிகளும் சூரிய வெளிச்சமும்

மரநிழலில் நெற்பயிர் செழிப்பதில்லை என்பதை விவசாயிகள் அனைவரும் அறிவர். ஜலத்தினடியில் வளரும் புற்களுக்கும் இந்நியதி பொருந்தும். கழிமுகங்களில் ஆழம் குறைந்த சேற்றுநிலத்தில் வேரூன்றும் இப்புற்கள் பாசிகள் அல்ல. பூத்து விதை தருபவை. மீன்குஞ்சுகளும் இளநண்டுகளும் இவற்றினிடையே ஒதுங்கி வளர்கின்றன.

மிதக்கும் நுண்பாசிகள், மேல்மட்டத்து வெளிச்சத்தில் சுமார் 1 சதவிகிதம் எட்டும் ஆழத்திலும் பிழைத்திருக்கும். புற்களோ, காற்றோட்டமற்ற சேற்றிலுள்ள வேர்களுக்கும் இலைகளின் வழியே பிராணவாயுவை அனுப்ப வேண்டியிருத்தலின், மிகுந்த வெளிச்சத்தை வேண்டுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில், உவர்நீர்ப் புற்களுக்குச் சுமார் 22 சதவிகிதமும், நன்னீர்ப் புற்களுக்குச் சுமார் 13 சதவிகிதமும் தேவையெனக் கணிக்கப்பட்டுள்ளது.

இவ்வெளிச்சத்தைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு. முதலாவது, மழையில் அரித்து வரும் வண்டல். இரண்டாவது, வயல்களிலிருந்தும் பட்டணச் சாக்கடைகளிலிருந்தும் வந்து சேரும் தழைச்சத்தும் மணிச்சத்தும். இவை நுண்பாசிகளைப் பெருக்கி ஜலத்தை இருளச் செய்வதோடு, புல்லிலைகளின் மீதும் பாசி படியச் செய்கின்றன. வெளிச்சம் குறையுங்கால் ஆழத்திலுள்ள புற்கள் முதலில் மடிய, புல்வெளி கரையை நோக்கிச் சுருங்கும். இனங்களும் மாறும். மேல்மட்டம் வரை நீண்டு வளர்பவை ஓரளவு தாங்கும். தரையை ஒட்டி வளர்பவை அழியும். புல் அழிந்த இடத்தில் சேற்றைப் பிடித்து நிறுத்த ஏதுமின்மையால், அலைகள் அதனைக் கிளறி, எஞ்சிய வெளிச்சத்தையும் மறைத்துவிடும்.

1972-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘ஆக்னஸ்’ என்னும் புயல்மழை, ஸஸ்குவஹானா நதியின் வழியே செசபீக்கிற்குப் பெருவண்டலைக் கொணர்ந்தது. நதிமுகத்திலிருந்த பரந்த புல்வெளி அழிந்து, ஏறக்குறைய 30 ஆண்டுகள் மீளவில்லை. 1983-இல் அப்பிரதேச ராஜ்யங்கள் ஓர் உடன்படிக்கை செய்து, விரிகுடாவைச் சீர்ப்படுத்த முற்பட்டன. சாக்கடை நீர் சுத்திகரிக்கப்பட்டது. விவசாயிகள் பலர், குளிர்காலத்தில் நிலம் வெறுமையாய்க் கிடவாதபடி மூடுபயிர் விதைத்தும், ஓடைக்கரைகளில் மரமும் புல்லும் வளர்த்தும் உதவினர். வெள்ளம் குறைந்த வறட்சி ஆண்டுகள் சிலவும் துணைபுரிய, 2000-ஐ ஒட்டிப் புல்வெளி மீண்டும் பரவலாயிற்று. 2011-இல் ‘லீ’ புயலின் வெள்ளம் அதன் ஓரங்களை அழித்தது. எனினும், வேகத்தைத் தணித்து ஜலத்தைத் தெளியவைக்கும் அடர்ந்த நடுப்பகுதி தப்பியது.

வயலின் மேல்மண் கரைந்து போவது மிராசுதாருக்கு நஷ்டம். அம்மண்ணே கழிமுகத்தில் மீன்பிடிப்போருக்கும் நஷ்டமாக முடிகின்றது. ஆகவே வரப்புகளைச் செப்பமாக வைத்தல், உரத்தைப் பயிரின் தேவையறிந்து பல தவணைகளில் இடுதல், ஓடைக்கரைப் புல்லை அழியாது காத்தல் ஆகிய இவை விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் ஒருங்கே கவனிக்கத் தக்கவையாம்.